எங்கள் ஊர் கஞ்சக் கவர்னர்

இண்டியானா மாநிலக் கவர்னராக இருந்த மிட்ச் டேனியல்ஸ் அமெரிக்க ஜனாதிபதி ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களில் நானும் ஒருவன். அப்போது நான் எச்-1பி விசாவில் இருந்தேன். இந்த நாட்டில் எனக்கு ஓட்டே கிடையாது. இண்டியானா மாநிலத்தில் கொலம்பஸ் என்ற சின்ன ஊரில் டீசல் இன்ஜின் சம்பந்தப்பட்ட வேலை. எங்கள் தமிழ் நண்பர்களில் முக்கால்வாசிப் பேர் டெமாக்ரட் பக்கம். பொங்கல் விழாப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு இந்த ரிபப்ளிகன் கவர்னரைப் பிடிக்கும்" என்று சொன்னால், "உனக்கு என்னப்பா ஆச்சு?" என்றுதான் கேட்பார்கள்.

இன்றைக்கு அதே நண்பர்கள் வட்டத்தில் ஒருத்தர் ஃப்ளோரிடா கவர்னரைக் கொண்டாடுகிறார், இன்னொருத்தர் விர்ஜினியாவில் கவர்னராக இருந்தவரைக் கொண்டாடுகிறார். "இவர்தான் அடுத்தவர், பார்த்துக்கொண்டே இரு" என்று வாட்ஸ்ஆப்பில் வீடியோ வருகிறது. அதற்குப் பதில் எழுதி எழுதி விரல் வலித்துப் போனதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். ஒரு கவர்னரை வருங்கால ஜனாதிபதியாகப் பார்த்து வியக்கும்போது எதை உற்றுப் பார்க்கலாம், எதைத் தள்ளிவிடலாம் என்பது பற்றி எனக்கு டேனியல்ஸ் வழியாகக் கிடைத்த பழக்கங்கள் இவை. எனக்கு இன்னமும் அந்த மனிதரைப் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஊரில் இருப்பவர்களுக்காக ஒரு வரி. அமெரிக்காவில் கவர்னர் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், ஏறக்குறைய நம் முதலமைச்சரின் இடம். அங்கிருந்து வெள்ளை மாளிகைக்கு ஒரு காலத்தில் நல்ல பாதை இருந்தது. ஜார்ஜியாவிலிருந்து கார்ட்டர், கலிஃபோர்னியாவிலிருந்து ரீகன், அர்கன்சாவிலிருந்து கிளின்டன், டெக்சாசிலிருந்து ஜார்ஜ் டபிள்யூ. புஷ் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். 2000-த்தில் ஜெயித்த புஷ்ஷுக்குப் பிறகு ஒரு கவர்னர்கூட ஜனாதிபதி ஆகவில்லை. எங்கள் மாநிலத்தில் டேனியல்ஸ் பேச்சு சூடு பிடித்தபோது இது யாருக்கும் உறைக்கவில்லை. புஷ் போய் இரண்டு வருடம்தானே ஆகியிருந்தது!

டேனியல்ஸ் இளவயதில் ரிச்சர்ட் லூகரிடம் வேலை பார்த்தவர். அப்போது லூகர் இண்டியானாபொலிஸ் மேயர், பிறகு செனட்டர். அதன்பின் டேனியல்ஸ் ரீகனின் வெள்ளை மாளிகையில் இருந்தார், எலை லில்லி மருந்து நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்தார், 2001 முதல் 2003 வரை புஷ்ஷின் பட்ஜெட் இயக்குநராக இருந்தார். செலவை வெட்டும் ஆசையைப் பார்த்து புஷ் அவருக்கு 'கத்தி' என்று பட்டப்பெயர் வைத்தார். ஆள் குள்ளம், வழுக்கை, பேச்சில் நாடகம் கிடையாது. 2004-இல் ஒரு கேம்பர் வண்டியை எடுத்துக்கொண்டு மாநிலத்தின் 92 கவுண்டிகளையும் (நம் மாவட்டம் மாதிரி) சுற்றினார். இரவுகளில் ஓட்டலுக்குப் போகாமல் யார் வீட்டிலாவது தங்கிக்கொள்வார். ஜெயித்து, 16 வருடத்துக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ரிபப்ளிகன் ஆனார்.

அவரை நேரில் பார்த்தது ஒரு கவுண்டி கண்காட்சியில். ஜூலை வெயில். கன்றுக்குட்டிகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நடுவில், தட்டைவிடப் பெரிய டெண்டர்லாயின் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் சைவம், சாண்ட்விச்சையே வெறித்துப் பார்த்திருப்பேன் போல. "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார். இல்லை, நான் இறைச்சி சாப்பிடுவதில்லை என்றேன். "அப்படியானால் சோளம் இருக்கிறது, அதுவும் எங்களுடையதுதான்" என்று பக்கத்துக் கடையைக் காட்டிவிட்டு, வண்டியில் கையெழுத்துப் போடச் சொன்னார். அந்த கேம்பர் வண்டி முழுக்க மக்கள் மார்க்கரில் போட்ட கையெழுத்து. நான் தமிழில் போட்டேன். ஓட்டில்லாதவன் என்று தெரிந்தும் இரண்டு நிமிடம் நின்று பேசினார் என்பதில் எனக்கு ஒரு மயக்கம் வந்தது உண்மை. வந்தால் தப்பில்லை. ஆனால் கைகுலுக்கலை வைத்து ஆளை எடைபோட முடியாது. அது அவர்களுக்குத் தொழில்.

எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது கடிகாரத்தால். 2006 வரைக்கும் இண்டியானாவின் பெரும்பாலான கவுண்டிகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வழக்கம் கிடையாது. நியூயார்க்காரன் வருடத்துக்கு இரண்டு முறை மாற்றுவான், நாங்கள் மாற்ற மாட்டோம். காரைக்குடியில் இருக்கும் அம்மாவுக்கு அது பெரிய வசதி. இந்தியாவுக்கும் எங்களுக்கும் எந்த மாதத்திலும் பத்தரை மணி நேரம்தான் வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே காபி ஆறும் நேரத்தில் நான் கூப்பிடுவேன் என்று அம்மாவுக்குக் கணக்கு. 2006 ஏப்ரலில் டேனியல்ஸ் புண்ணியத்தில் கடிகாரம் நகர்ந்தது. வித்தியாசம் ஒன்பதரை ஆனது. நான் என் கடிகாரப்படி வழக்கமான நேரத்துக்குக் கூப்பிட்டேன். அம்மாவுக்கு அது ஒரு மணி நேரம் முன்னால். "என்னடா தம்பி, யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறிக்கொண்டு எடுத்தார்கள். கவர்னர் மாற்றிவிட்டார் என்று விளக்கினேன். "மணியைக்கூட கவர்னர் மாத்துவாராடா?"

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் மாநிலத்தில் அது பெரும் சண்டை. விவசாயிகள் எதிர்த்தார்கள், காலையில் பிள்ளைகள் இருட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று தாய்மார்கள் எதிர்த்தார்கள். பல வருடங்களாகச் சட்டமன்றம் தொட்டுத் தொட்டு விட்ட விஷயம். மற்ற மாநிலங்களோடு தொழில் செய்பவர்களுக்கு நேரக் குழப்பம் இருக்கக்கூடாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். இதனால் ஒரு ஓட்டும் கூடாது, குறையத்தான் செய்யும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2006 நவம்பரில் ரிபப்ளிகன்கள் கீழவையை 51-49 என்று டெமாக்ரட்களிடம் பறிகொடுத்தார்கள். கடிகாரமும், பின்னால் சொல்லப்போகும் டோல் சாலைக் குத்தகையும்தான் காரணம் என்று உள்ளூரில் பேச்சு. அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. எந்த கவர்னரைப் பற்றி யார் பெருமை பேசினாலும், அவர் சொந்தக் கட்சிக்காரர்களுக்கே எரிச்சல் வரும்படி செய்தது என்ன என்று கேட்பேன். அதற்குப் பதில் இல்லையென்றால், அவர் கைதட்டுக்கு ஏற்ற மாதிரி ஆட்சி நடத்துகிறார் என்று எடுத்துக்கொள்வேன். டேனியல்ஸ் பதவிக்கு வந்த 2005-லேயே, வருடத்துக்கு 1,00,000 டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு ஒரு வருடம் மட்டும் கூடுதலாக 1 சதவீத வரி கேட்டார். சொந்தக் கட்சியே அதைக் குப்பையில் போட்டது. வரிகுறைப்பாளர்கள் திட்டித் தீர்த்தார்கள். கணக்கு நேராக வேண்டும் என்றால் வரியும் கேட்கலாம் என்று நினைக்கிற கன்சர்வேடிவ் அவர். ஏழைகளுக்கான 'ஹெல்தி இண்டியானா' மருத்துவத் திட்டத்துக்கு சிகரெட் மேல் 44 சென்ட் வரி ஏற்றித்தான் பணம் திரட்டினார்.

அடுத்தது பி.எம்.வி., அதாவது வண்டி லைசென்ஸ் கொடுக்கிற அலுவலகம். ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். விசாவில் இருப்பவனுக்கு லைசென்ஸ் என்பது விசா தேதியோடு சேர்ந்து காலாவதியாகும் பொருள். அதனால் மற்றவர்களைவிட அடிக்கடி அந்த கவுன்ட்டர் முன்னால் நிற்க வேண்டிவரும். டேனியல்ஸ் அங்கே வரிசை நேரத்தை அளக்க ஆரம்பித்தார். சராசரிக் காத்திருப்பு பத்து நிமிடத்துக்கும் கீழே வந்தது. நாட்டளவில் விருதும் வாங்கினார்கள். விசா அனுமதிக்கான ஐ-797 தாள், பாஸ்போர்ட், சம்பளச் சீட்டு எல்லாம் ஒரு கட்டாகத் தூக்கிக்கொண்டு போய், தெர்மோஸில் கொண்டுபோன காபியைத் திறக்காமலே வீட்டுக்கு வந்திருக்கிறேன். அதற்காகச் சின்ன ஊர்களில் கிளைகளை மூடினார்கள் என்பதும் உண்மை. வயதானவர்கள் அடுத்த ஊருக்கு ஓட்டிப்போக வேண்டியிருந்தது. பிறகு 2013-இல், அவர் பதவியை விட்டுப் போன சமயத்தில், அதே பி.எம்.வி. பல வருடங்களாக லைசென்ஸ் கட்டணத்தைச் சட்டம் சொன்னதைவிடச் சில டாலர் அதிகம் வசூலித்திருந்தது என்று வழக்கு வந்து, கோடிக்கணக்கில் திருப்பிக் கொடுத்தார்கள். வேகமான கவுன்ட்டர், தப்பான பில். இரண்டும் ஒரே ஆட்சியின் விளைவுதான். ஒரு கவர்னர் பதவியை விட்டுப் போன பிறகு ஒன்றிரண்டு வருடத்துக்கு உள்ளூர்ச் செய்தித்தாளைத் தவறாமல் படிக்க வேண்டும். ஆட்சியில் இருக்கும்போது கம்பளத்துக்கு அடியில் தெரிவது வேறு, போன பிறகு தெரிவது வேறு.

டோல் சாலை விஷயத்தைச் சொல்லாமல் டேனியல்ஸைச் சொல்ல முடியாது. மாநிலத்தின் வட எல்லையை ஒட்டி ஒஹையோவிலிருந்து சிகாகோ பக்கம் போகிற 157 மைல் சாலை. 2006-இல் அதை ஒரு ஸ்பானிய நிறுவனமும் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனமும் சேர்ந்த கூட்டுக்கு 75 வருடக் குத்தகைக்கு விட்டார். 380 கோடி டாலர், முழுப் பணமும் முன்பணம். அந்தப் பணத்தில் மாநிலம் முழுக்க ரோடு போட்டார்கள். தெற்கே இருக்கும் எங்களுக்கு அது லாட்டரி அடித்த மாதிரி. எங்கள் ஆபீஸில், வடக்கே அந்தச் சாலையை ஒட்டிய சவுத் பெண்ட் ஊர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். "உங்கள் ஊருக்குப் புதுப் பாலம், எங்கள் பாக்கெட்டிலிருந்து டோல்" என்று ஒவ்வொரு மதிய சாப்பாட்டிலும் சொல்லுவார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் 2014-இல் அந்தக் குத்தகைக் கம்பெனி கடனைக் கட்ட முடியாமல் திவால் மனு போட்டது. மாநிலம் வாங்கிய பணம் வாங்கியதுதான். அடுத்த வருடம் இன்னொரு ஆஸ்திரேலிய முதலீட்டு நிறுவனம் சாலையை எடுத்துக்கொண்டது. "பார்த்தீர்களா, நல்ல விலைக்குத் தள்ளிவிட்டார்!" என்றேன் நண்பரிடம். "இன்னும் அறுபது சொச்சம் வருடம் இருக்கிறது, என் பேரன் கட்டுவான்" என்றார். இந்தச் சண்டையில் இன்றுவரை தீர்ப்பு இல்லை. ஆனால் ஒன்று கண்டுகொண்டேன். ஒரு திட்டத்தின் பலன் எங்கே விழுகிறதோ அங்கே நின்று கேட்டால் பாராட்டுதான் காதில் விழும். செலவு விழுகிற மூலைக்குப் போய் ஒரு ஆளிடமாவது பேச வேண்டும்.

தோல்விகளுக்கு வருகிறேன். ரசிகர்கள் தாவிக் கடக்கும் இடம், ஆனால் ஆளைப் படிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. உணவு உதவி, ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவியான மெடிகெய்டு போன்றவற்றுக்கு மனுப் போடும் முறையை 2006 கடைசியில் ஐ.பி.எம். தலைமையிலான கூட்டிடம் கொடுத்தார். பத்து வருட ஒப்பந்தம், ஏறக்குறைய 130 கோடி டாலர். கவுண்டி ஆபீஸில் முகம் தெரிந்த அலுவலர் போய், கால் சென்டரும் ஃபேக்ஸும் வந்தன. தாள்கள் தொலைந்தன, போன் எடுக்க ஆளில்லை, தகுதி உள்ளவர்களுக்கு உதவி நின்றது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு 'ஒத்துழைக்கவில்லை' என்று கடிதம் போனதெல்லாம் அன்றைய செய்திகளில் வந்தவை. 2009 அக்டோபரில் ஒப்பந்தத்தை ரத்து செய்தார். அதோடு நிற்காமல், அந்த யோசனையே நடைமுறையில் சரிப்படவில்லை என்ற பொருள்பட வெளிப்படையாகப் பேசினார். அதன் பிறகு இரண்டு பக்கமும் மாறி மாறி வழக்குப் போட்டு, பத்து வருடம் இழுத்து, கடைசியில் ஐ.பி.எம்.தான் மாநிலத்துக்குப் பணம் தர வேண்டும் என்று முடிந்தது. நான் இதில் கவனித்தது தேதிகளை. கோளாறு வெளியே தெரிந்ததற்கும் நிறுத்தியதற்கும் இடையில் எத்தனை காலம்? இண்டியானாவில் அது கொஞ்சம் அதிகம். ஆனால் மொத்த மாநிலத்துக்கும் பரவுவதற்குள் நிறுத்தினார். பிரசிடென்ட் வேலையில் இந்த இடைவெளிதான் எல்லாமே என்பது என் எண்ணம். போர், நோய், வங்கி என்று எது வந்தாலும், தப்பென்று தெரிந்த பிறகு எத்தனை நாளில் காலைப் பின்னால் எடுப்பார் என்பதை மாநிலத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பட்ஜெட் அவருடைய பெருமை. வந்தபோது பற்றாக்குறை, போகும்போது ஏறக்குறைய 200 கோடி டாலர் கையிருப்பு. 2008-இல் மாநிலத்துக்கு முதல் முறையாக, கடன் தரத்தை மதிப்பிடும் ஸ்டாண்டர்ட் அண்டு பூர்ஸ் நிறுவனம் மிக உயர்ந்த 'ஏஏஏ' தரம் கொடுத்தது. கையிருப்பு அளவு மீறியதால் 2012 வருமான வரிக் கணக்கில் ஆளுக்கு 111 டாலர் கழித்தார்கள். மனைவிக்கும் எனக்குமாக 222. மனைவி அதில் புது இட்லி கிரைண்டர் வாங்கிவிட்டு, மீதிக்கு நான் போட வேண்டியிருந்தது. ஆனால் இந்த நல்ல எண்களைப் பார்த்து விசிலடிப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்கப் பழகினேன். எந்த வரி ஏறியது? 2008-இல் வீட்டு வரிக்கு 1 சதவீத உச்சவரம்பு வைத்தார்கள். அதே மூச்சில் விற்பனை வரி 6-லிருந்து 7 ஆனது. வீடு இல்லாதவனும் அந்த ஒரு சதவீதத்தைக் கட்டினான், என்னை மாதிரி வாடகைக்காரன் உட்பட. வாஷிங்டன் பணம், அதாவது மத்திய அரசுப் பணம், எவ்வளவு வந்தது? 2009 மீட்புப் பணம் எல்லா மாநிலங்களுக்கும் வந்தது, எங்களுக்கும்தான். எங்கே வெட்டு விழுந்தது? அந்தப் பொருளாதார மந்த காலத்தில் பள்ளிகளுக்கான நிதியில் ஏறக்குறைய 30 கோடி டாலர் குறைந்தது.

அதோடு 2011 டிசம்பரில் ஒரு வேடிக்கை. வருவாய்த் துறையின் கணக்கில் 32 கோடி டாலர் கார்ப்பரேட் வரி யாருக்கும் தெரியாமல் ஓர் ஓரமாகக் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. பள்ளிகளுக்கு வெட்டியதைவிடக் கொஞ்சம் அதிகம்! அடுத்த ஏப்ரலில் கவுண்டிகளுக்குப் போக வேண்டிய 20 கோடிக்கு மேற்பட்ட தொகை போகாமலே இருந்ததும் தெரிந்தது. 'கத்தி' என்று பெயர் எடுத்த ஒரு பட்ஜெட் நிபுணரின் வீட்டில் நடந்த கூத்து இது. எனக்கு வேலை இன்ஜின் டெஸ்டில். சென்சார் பொய் சொன்னால் எஞ்சினியரை மட்டும் திட்டுவதில்லை, ஆனால் அவர் பெயரை ரிப்போர்ட்டிலிருந்து அடிப்பதும் இல்லை. டேனியல்ஸுக்கும் அதே கணக்குதான் வைத்திருக்கிறேன். இந்த எண்களையெல்லாம் பார்க்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். மாநில பட்ஜெட் ஆவணமும் தணிக்கை அறிக்கையும் இணையத்தில் இலவசம். வரவில் 'ஃபெடரல்' என்ற பத்தியையும், கடைசிப் பக்க அடிக்குறிப்புகளையும் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

2008-இல் ஒபாமா இண்டியானாவில் ஜெயித்தார். 1964-க்குப் பிறகு எந்த டெமாக்ரட்டும் செய்யாதது. அதே நாளில், அதே ஓட்டுச்சீட்டில், டேனியல்ஸ் 58 சதவீதம் வாங்கினார். அன்றிலிருந்துதான் 'அடுத்த ஜனாதிபதி' பேச்சு. கல்லூரி மாணவர்கள் சிலர் 'தேர்தலில் நில்லுங்கள்' என்று இயக்கமே நடத்தினார்கள். 2011 பிப்ரவரியில் வாஷிங்டனில் கன்சர்வேடிவ் மாநாட்டில் பேசினார். முன்பு கம்யூனிசத்தை 'சிவப்பு அபாயம்' என்பார்கள். நாட்டின் கடனைத்தான் புதிய சிவப்பு அபாயம் என்றார், இந்த முறை கணக்கில் நஷ்டம் எழுதும் சிவப்பு மை. நான் சமையலறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு முழுதும் கேட்டேன். ரசத்துக்குத் தாளித்தது கருகியது.

ஆனால் அதற்கு முன்பே ஒரு விதை விழுந்திருந்தது. கருக்கலைப்பு, திருமணம் மாதிரியான சமூகப் பிரச்சினைகளில் கொஞ்ச காலம் 'சண்டை நிறுத்தம்' வைத்துக்கொண்டு கடனைப் பார்ப்போம் என்று 2010-இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொல்லியிருந்தார். என்னைப் போன்றவர்களுக்கு அது தேன். மதப் பற்றுள்ள கன்சர்வேடிவ்களுக்கு அது துரோகம். ரிபப்ளிகன் வேட்பாளர் தேர்வு தொடங்குகிற அயோவா மாநிலத்தில் அந்தக் கட்சிக்காக ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான். ஒரு கவர்னரை நீங்கள் எதற்காக விரும்புகிறீர்களோ, அதே காரணத்துக்காக அவர் கட்சிக்குள் தோற்கலாம் என்பதை எங்கள் பந்திச் சண்டைகள் ஒன்றிலும் யாரும் சொல்லவில்லை. டெமாக்ரட் நண்பர்கள் அவரை நல்லவர் என்று ஒத்துக்கொள்ள ஆரம்பித்தபோதே எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

கவர்னர் வேலை தொடாத இடங்களும் உண்டு. ஒபாமாவோடு வெளியுறவுக் கொள்கையில் விவாதம் செய்யத் தயாரா என்று 2011 மே மாதம் கேட்டார்கள். அநேகமாக இல்லை என்றார்! நேர்மையான பதில். ஜனாதிபதி வேட்பாளருக்கு உதவாத பதில். இன்னொன்று, மாநிலத்துக்கு மாநிலம் கவர்னரின் பலம் வேறு. இண்டியானாவில் ஒரு மசோதாவை மறுத்து கவர்னர் போடும் வீட்டோவைச் சட்டமன்றம் சாதாரணப் பெரும்பான்மையிலேயே தள்ளிவிடலாம். அதனால் இங்கே சாதித்தவர் பேசிப் பேசித்தான் சாதித்திருக்க வேண்டும். தன் கட்சியே இரண்டு அவைகளிலும் பெரும்பான்மையோடு இருக்கும் மாநிலத்தில் சட்டம் போட்டுத் தள்ளுவது வேறு ரகம். ஒருவரைத் தூக்கி வைப்பதற்கு முன்னால் அவர் மாநிலத்துச் சட்டமன்றக் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

அந்த வசந்தத்தில் நான் என்னால் ஆனதைச் செய்ய நினைத்தேன். இது விசாவில் இருப்பவர்களுக்கு உபயோகப்படும். கிரீன் கார்டு இல்லாமல், மாணவர் விசாவிலோ எச்-1பியிலோ இருப்பவர்கள் எந்தத் தேர்தலுக்கும், உள்ளூர்ப் பள்ளி வாரியத் தேர்தல் உட்பட, ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம், ஓட்டு மட்டும் போட முடியாது. சம்பளம் வாங்காமல் தொண்டராக உறை ஒட்டலாம், போன் செய்யலாம். செலவு, திட்டம் பற்றிய முடிவுகளில் தலையிடக் கூடாது. நிதி திரட்டும் விருந்துக்கு நண்பர் டிக்கெட் வாங்கிக்கொண்டு, "நீ எனக்குப் பணமாகக் கொடுத்துவிடு" என்றால் அதற்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிறர் பெயரில் கொடுப்பது இன்னும் மோசம். நான் உறை ஒட்டலாம் என்று முடிவு செய்து வைத்திருந்தேன். ஒட்ட உறை வரவில்லை.

2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் மின்னஞ்சல் வந்துவிட்டது: நிற்கவில்லை. மனைவி, நான்கு மகள்கள். அவர்கள் வேண்டாம் என்கிறார்கள். நாட்டை நேசிக்கிறேன், குடும்பத்தை அதைவிட அதிகம் நேசிக்கிறேன் என்று எழுதியிருந்தார். அவரும் மனைவியும் தொண்ணூறுகளில் விவாகரத்தாகி, சில வருடம் கழித்து மறுபடி ஒருவரையொருவர் மணந்துகொண்டவர்கள். அந்தக் கதையைத் தேசியத் தொலைக்காட்சிகள் கிண்டத் தொடங்கியிருந்தன. சவுத் பெண்ட் நண்பர் திங்கட்கிழமை என் மேஜைக்கு வந்து, ஜெயித்த முகத்தோடு நின்றார். பிறகு அவரே, "வீட்டுக்காரி வேண்டாம் என்றால் நானும் நிற்க மாட்டேன்" என்றார். அன்று மட்டும் டோல் பேச்சு வரவில்லை.

பந்தயத்தில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் கணிப்பு, அயோவாவில் அடிவாங்கி, அடுத்து ஓட்டுப் போடும் நியூ ஹாம்ப்ஷையரில் கொஞ்சம் எழுந்து, பணமில்லாமல் நின்றிருப்பார். இதற்கு ஆதாரமாக எனக்குப் படுவது அடுத்த வருடம் நடந்தது. 2012 மே 8, ரிபப்ளிகன் உட்கட்சித் தேர்தல். 1977 முதல் செனட்டில் இருந்த லூகர், டேனியல்ஸின் குரு, கட்சிக்காரர்களாலேயே தோற்கடிக்கப்பட்டார். டேனியல்ஸ் ஆதரித்தும் பலிக்கவில்லை. சொந்த மாநிலத்திலேயே கட்சி அவர்கள் இருவரின் கையிலிருந்தும் நழுவிவிட்டிருந்தது. அதே வருடம் பிப்ரவரி 1 அன்று டேனியல்ஸ் தொழிற்சங்கச் சந்தா கட்டாயத்தை நீக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 2006-இல் சங்கக்காரர்கள் முன்னால், அந்தச் சட்டத்தைத் தொட மாட்டேன் என்று பேசிய வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது. முந்தின வருடம் இதே பிரச்சினைக்காக, சட்டமன்றம் கூட முடியாதபடி டெமாக்ரட் உறுப்பினர்கள் இல்லினாய் மாநிலத்து அர்பானாவுக்கு ஓடிப் போய் ஐந்து வாரம் ஓட்டலில் உட்கார்ந்திருந்தபோது, போலீஸை அனுப்ப மாட்டேன், இதற்கு நேரம் இதுவல்ல என்றவரும் அவரே. எங்கள் தொழிற்சாலைப் பக்கம் அவரை நம்பிய சங்கத் தொழிலாளர்கள் சிலர் அதற்குப் பிறகு அவர் பெயரை எடுப்பதில்லை. அந்த வீடியோப் பேச்சுக்கும் கையெழுத்துக்கும் நடுவில் ஆறு வருடம். நிலைமை மாறியது என்று சொல்லலாம். எனக்கு அந்த விளக்கம் முழுதும் செரிக்கவில்லை.

2013-இல் பர்டூ பல்கலைக்கழகத் தலைவரானார். அவரைத் தேர்ந்தெடுத்த அறங்காவலர்கள் அவரே நியமித்தவர்கள் என்பது அன்றைக்குப் பெரிய விமர்சனம், சரியான விமர்சனமும்கூட. ஆனால் உள்ளூர் மாணவர் கட்டணத்தை 9,992 டாலரில் நிறுத்தினார். அவர் 2022 கடைசியில் போகும்வரை ஏறவேயில்லை. மாணவர் எண்ணிக்கை பெருகி விடுதிகளில் இடம் நெருக்கியது வேறு கதை. அந்தக் கட்டணத்தில் படித்த என் மகனுக்கு அவர் ஜனாதிபதி ஆவார் என்று பேசப்பட்டவர் என்பதே தெரியாது. மெஸ்ஸில் தட்டோடு வந்து உட்காருகிற தாத்தா, ஜிம்மில் பார்க்கிற தாத்தா. "அவரா? நல்லா பெஞ்ச் பிரஸ் பண்ணுவாருப்பா."

போன மாதம் ஃப்ளோரிடாவின் தாம்பாவில் இருக்கும் கல்லூரி நண்பன் கூப்பிட்டான். ஃப்ளோரிடா கவர்னர் தேர்தலில் டிசாண்டிஸ் 2022-இல் 19 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்த இரவிலிருந்து அவன் கட்சி மாறாத பக்தன். 2024 ஜனவரியில் அயோவா முடிந்த கையோடு அவர் ஜனாதிபதி பந்தயத்திலிருந்து விலகியபோது என்னிடம் புலம்பியவன், இப்போது 2028-க்குப் பணம் அனுப்பலாமா என்று கேட்கிறான். குடியுரிமை வாங்கிவிட்டதால் சட்டச் சிக்கல் இல்லை. "மச்சி, அனுப்பு. அதுக்கு முன்னாடி உன் வீட்டு இன்ஷூரன்ஸ் எவ்வளவு, நாலு வருஷத்துக்கு முன்னாடி எவ்வளவு, அதை மட்டும் பாரு" என்றேன். ஃப்ளோரிடாவில் வீட்டுக் காப்பீடுதான் கவர்னரின் பரீட்சைத் தாள். தனியார் கம்பெனிகள் கையை விரித்ததும் மாநிலத்தின் 'சிட்டிசன்ஸ்' நிறுவனம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைச் சுமந்தது. அதற்காக 2022-இல் சட்டமன்றத்தைச் சிறப்பாகக் கூட்டிச் சட்டங்களையே மாற்றினார்கள். பலித்ததா இல்லையா என்பது அவன் வீட்டுக்கு வரும் பில்லிலேயே இருக்கிறது.

இரவு பதினொன்றுக்கு இரண்டு பில்லையும் போட்டோ எடுத்து அனுப்பினான். கீழே, "பிரீமியம் ஏறினது யாராலடா, புயலாலயா இவராலயா?" என்று கேட்டிருந்தான். தெரியவில்லை, ஆனால் கேட்க வேண்டியது அதுதான் என்று பதில் போட்டுவிட்டு, சட்டம் மாறுவதற்கு முந்தின வருடத்துப் பில்லையும் தேடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.